ஒன்பது வருடம், ஒரு கிண்ணமும் இல்லை: கோச் வேலையை விடுவதா?

வெள்ளவத்தை கோச்:
கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தின் 15 வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணியை ஒன்பது வருடமாகப் பழக்குகிறேன். இரண்டு முறை அரையிறுதி, அவ்வளவுதான். போன கிழமை கூட்டத்தில் பழைய மாணவர் ஒருவர் எழும்பி, "சேர், உங்கட காலத்தில என்ன கிண்ணம் வந்தது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடவும் மனம் வரவில்லை.

அன்று இரவுதான் அமெரிக்கக் கல்லூரி பேஸ்போல் கோச் மைக் மார்ட்டினைப் பற்றி வாசித்தேன். ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1980 முதல் 2019 வரை 40 பருவங்கள், 2,029 வெற்றிகள். தேசிய இறுதிச் சுற்று நடக்கும் ஒமாஹாவுக்கு 17 முறை அணியைக் கொண்டுபோயிருக்கிறார். பட்டம் ஒன்றுகூட இல்லை! அவரை எப்படி 40 வருடம் வைத்திருந்தார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா:
தம்பி, நான் அங்கே படித்த காலத்தில் இந்த ஆட்டத்தை நிறையப் பார்த்தவன். வழக்கமான பருவத்தில் ஒரு கல்லூரி 56 ஆட்டம் வரை ஆடும். அதற்குப் பிறகுதான் தேசியப் போட்டி. இப்போது 64 அணிகளை அழைக்கிறார்கள், எட்டுத்தான் ஒமாஹாவுக்குப் போகும். மார்ட்டினின் அணிக்கு 40 வருடமும் அந்த அழைப்பு வந்தது. எந்தப் பருவத்திலும் 40 வெற்றிக்குக் குறையவில்லை. நிர்வாகம் பார்த்தது அதைத்தான்.

ஒமாஹா வேறு கணக்கு. நல்ல பிட்சர் இன்று நூறு பந்து எறிந்தால் நாளைக்கு அவரை எறிய விட முடியாது, தோள் போய்விடும். அடுத்தடுத்து ஆட்டம் வரும்போது யாருடைய கை களைக்காமல் இருக்கிறதோ அவர்கள் பக்கம் ஆட்டம் சாயும். 1999 இறுதியாட்டத்தில் மயாமியிடம் 6-5 என்று தோற்றார்கள். ஒரே ஒரு ஓட்டம்! அந்த ஓட்டத்தை வைத்தா ஒரு மனிதனின் 40 வருடத்தை எடை போடுவது?

பம்பலப்பிட்டி ராசா:
கோச், நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அதே கல்லூரி பேஸ்போலில் இன்னொரு கோச், ஓகி கரிடோவையும் பாருங்கள். கலிபோர்னியா ஸ்டேட் ஃபுல்லர்டன் பல்கலைக்கழக அணி முதல் தரப் பிரிவுக்கு வந்த முதல் வருடமே, 1975இல், ஒமாஹாவுக்குக் கொண்டுபோனார். அங்கே மூன்று பட்டம் (1979, 1984, 1995), பிறகு டெக்சஸில் இரண்டு. கிண்ணம் எங்களுக்கு வராது என்று நீங்களே முடிவு கட்டிவிட்டால் பெடியனுகளும் அப்படியே நம்பிவிடுவார்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா:
ராசா சொல்வது சரி, மார்ட்டினும் பட்டத்துக்குத்தான் கடைசிவரை ஆடினார். ஆனால் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். பஸ்டர் போஸி என்ற ஆட்டக்காரர் மார்ட்டினின் அணியில் முதல் வருடம் ஷோர்ட்ஸ்டொப், அதாவது உள்வட்டக் களத்தடுப்பாளர். இரண்டாம் வருடம் கேட்சர் ஆக்கினார்கள், நம்முடைய விக்கெட் கீப்பர் மாதிரி. 2008இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை எடுத்தது. 2010, 2012, 2014 மூன்று உலகத் தொடரும் (அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலின் இறுதிப் போட்டி) வென்ற அணியில் இருந்தார். அந்த மாற்றத்தைச் செய்தது கல்லூரி கோச்மார்.

வெள்ளவத்தை கோச்:
அண்ணா, அதை வாசித்ததும் ஒரு பெடியன் ஞாபகம் வந்தது. வேகப்பந்து வீசியவன், முதுகு நோவால் போன வருடம் நின்றுவிட்டான். வீசாவிட்டால் வரமாட்டேன் என்று அழுதான். என்னுடைய பழைய கீப்பிங் கிளவுஸைக் கொடுத்தேன். உள்ளங்கை ரப்பர் தேய்ந்து வழுக்கும், கட்டைவிரல் பக்கம் நானே தைத்திருக்கிறேன். ஆறு மாதத்தில் லெக் சைட் பந்தைக் காலை நகர்த்திப் பிடிக்கப் பழகிவிட்டான். கூட்டத்தில் கேட்டவருக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், அப்போது வாய் வரவில்லை.

ராசா, நீங்கள் சொன்னதும் மனதில் இருக்கிறது. இந்த வருடம் இறுதிக்குப் போகத்தான் பழக்குகிறேன். மழை விட்டால் நாளை காலை 6 மணிக்கு நெட்ஸ். இன்று புறக்கோட்டையில் அவனுக்குப் புதுக் கிளவுஸ் வாங்கி வந்திருக்கிறேன்.