தொட்டுப் பார்க்கும் ஓவியங்கள்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். சிறிய ஓவியக் கண்காட்சி ஒன்றை அமைக்கிறோம். பார்வையற்றவர்களும் பார்வை குறைந்தவர்களும் வந்து ரசிக்க வேண்டும் என்பது ஆசை. 2015-இல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் புகழ்பெற்ற ஓவியங்களின் புடைப்புப் பிரதிகளை வைத்து, விரலால் தடவிப் பார்க்க விட்டது. அந்த அளவுக்கு எங்களிடம் வசதி இல்லை. சூடுபடுத்தினால் கருப்புக் கோடுகள் மட்டும் உப்பி எழும் தாள் இருக்கிறதே, அதில் அச்சிடலாம் என்றிருக்கிறோம். ஆனால் ஓவியத்தின் எல்லாக் கோடுகளையும் அப்படியே போட்டால் விரலுக்கு ஒரே குழப்பம். எதை வைப்பது, எதை விடுவது? இங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

அப்புறம், ஒலி விவரணை, அதாவது ஓவியத்தில் இருப்பதைப் பேச்சில் விவரிக்கும் குறிப்பு, எழுதிய அனுபவம் யாருக்காவது உண்டா? நிறங்களைக் கட்டாயம் சொல்லச் சொல்கிறார், பிறவியிலேயே பார்வையில்லாத நண்பர் ஒருவர். (நாங்கள் தவிர்க்க நினைத்திருந்தோம்!) பிரெய்ல் எல்லோரும் படிப்பதில்லை என்பதால் பெரிய எழுத்துப் பலகையும் உண்டு. அதன் எழுத்தளவு, வைக்கும் உயரம் பற்றியும் சொல்லுங்கள்.