அப்பாவுக்கு மலிவான இ-ரீடர்: ஈபப், ஸ்கான் பிடிஎஃப், பாமினி கோப்பு எல்லாம் ஓடுமா?

உவர்மலை_வாசகி

வணக்கம். அப்பாவுக்கு ஒரு இ-ரீடர் எடுக்க வேணும். 130 அமெரிக்க டொலருக்கு மேல போக ஏலாது. கையில் இருக்கிற கோப்புகள்: நூலகம் தளத்தில் இறக்கிய ஸ்கான் பிடிஎஃப் 200 வரை, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் எடுத்த ஈபப், மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பின் பழைய கோப்புகள், பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்புகள் கொஞ்சம். ரொறன்ரோவில இருந்து சித்தப்பா ஆனியில வாறார், அவரிட்டச் சொல்லலாம். கிண்டிலா, கோபோவா? பின்னேரங்களில உப்புவெளிக் கடற்கரைக்கும் கொண்டு போவார், அதையும் யோசிச்சுச் சொல்லுங்கோ.

பழைய_ஏடு

எத்தனை வடிவம் ஓடும் என்று பெட்டியில் போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்து வாங்காதீர்கள். ஈபப், மோபி, ஏஇசட்டபிள்யூ3 என்ற மின்னூல் வடிவங்கள் எல்லாம் காலிபர் மென்பொருளில் ஒன்றிலிருந்து மற்றதாக ஒரு நிமிடத்தில் மாறும். மாற்ற முடியாதது ஸ்கான் பிடிஎஃப் மட்டும்தான். அதன் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். அதைக் காலிபரில் போட்டு ஈபப் ஆக்கினாலும் படம் படமாகவே இருக்கும், எழுத்தைப் பெருப்பிக்க முடியாது.

6 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர், உயரம் 12. டெமி அளவுப் புத்தகம் 14க்கு 21.5. முழுப் பக்கத்தையும் நிமிர்த்திக் காட்டினால் எழுத்து அசலின் பாதியை விடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும். அப்பாவின் கண்ணுக்கு அது சரிவராது. ஆனால் வெள்ளை விளிம்பை வெட்டி, திரையைப் படுக்கையாகத் திருப்பினால் கதை வேறு. அச்சுப் பகுதி அகலம் 10.5 சென்ரிமீற்றர் அளவில் வரும், திரையில் 12 இருக்கிறது. எழுத்து அசல் புத்தகத்தை விடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஒரு பக்கத்துக்கு மூன்று தட்டுத் தட்ட வேணும், அவ்வளவுதான். ஏ4 சஞ்சிகைகளுக்கு இந்த வழியும் போதாது. பக்கத்தில் அருகருகே இரண்டு பத்தி இருந்தால் பத்தி பத்தியாகப் பெருப்பித்துத்தான் பார்க்கலாம்.

இதைச் செய்ய கோரீடர் என்ற இலவசச் செயலி வேணும். கோபோவிலும் பொக்கெட்புக்கிலும் ஏறும். கிண்டிலில் ஏற்ற முதலில் பூட்டை உடைக்க வேணும், எல்லாப் பதிப்பிலும் அது முடியாது. கோப்பைத் திறந்து திரையின் கீழ்ப்பக்கம் தட்டினால் பட்டியல் வரும். விளிம்பு வெட்டலைத் தானியங்கியில் விடுங்கள், பொருத்தத்தை அகலத்துக்கு வையுங்கள், திரையைத் திருப்புங்கள். கோணலாக ஸ்கான் பண்ணிய பக்கங்களில் தானியங்கி வெட்டு தடுமாறும், அங்கே கையால் வெட்டுங்கள்.

கனடாவிலிருந்து ஆள் வருவதால் என் தெரிவு கோபோ கிளாரா பிடபிள்யூ. 2024இல் வந்தபோது 129.99 அமெரிக்க டொலர். ஒன்ராறியோவில் வாங்கினால் 13 வீத வரி சேரும், ஆகவே உங்கள் கணக்கைக் கொஞ்சம் தாண்டலாம். 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி), 16 ஜிபி. மலிவான கோபோ நியா 212 பிபிஐதான். அந்தத் திரையில் சிறிய எழுத்தின் ரி, ரீ வித்தியாசமும் ன, ண சுழியும் மங்கும். ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்கு 300ஐ விடாதீர்கள்.

காலிபர்காரன்

மேலே சொன்னது சரி, ஆனால் கோபோவில் தமிழ் ஈபப்பை அப்படியே போட்டால் ஏமாந்து போவீர்கள். பெட்டி பெட்டியாக வந்தால் எழுத்துரு இல்லை. கோபோவைக் கணினியில் செருகி, வெளி அடைவில் 'ஃபொன்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஓர் உறை உண்டாக்கி, நோட்டோ செரிஃப் தமிழின் ரெகுலர், போல்ட் இரண்டையும் போடுங்கள். வேரியபிள் கோப்பைத் தவிருங்கள், தனித்தனிக் கோப்பே நல்லது. பிறகு புத்தகத்துக்குள் எழுத்துருப் பட்டியலில் அதைத் தெரிவு செய்ய வேணும், தானாக வராது.

எழுத்து வந்தும் கொம்பு இடம் மாறி நின்றால் அது எழுத்துருவின் பிழையில்லை. சாதாரண ஈபப்பையும் தன் சொந்த வடிவமான கெபப்பையும் கோபோ இரண்டு வேறு இயந்திரங்களால் காட்டுகிறது. முதலாவது தமிழ் போன்ற கூட்டெழுத்துகளைச் சரியாகக் கோர்க்காது. காலிபர் 8இலிருந்து கெபப் ஆக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, அதால் மாற்றி அனுப்புங்கள். கோரீடரில் திறந்தால் இந்தச் சிக்கலே இல்லை, அது ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுத்தைக் கோர்க்கிறது.

கிண்டிலை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். 2016 கடைசியிலிருந்து தமிழ் உண்டு, கொம்பு குழம்பாது. ஆனால் ஈபப்பை யூஎஸ்பியில் போட்டால் கிண்டில் கண்டுகொள்ளாது. செண்ட் டு கிண்டில் இணையப் பக்கத்தால் அனுப்ப வேணும் (ஒரு கோப்புக்கு 200 எம்பி வரம்பு), இல்லையென்றால் காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 ஆக்கிப் போட வேணும். மோபி ஆக்காதீர்கள், பழைய மோபியில் எழுத்துருவைப் பதிக்க முடியாது. காலிபரில் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறியுங்கள். அது வெறுமையாகவோ ஆங்கிலமாகவோ இருந்தால் தவறான எழுத்துரு பிடிபடலாம்.

அமேசனில் காசு கொடுத்து வாங்கிய பூட்டுப்போட்ட புத்தகம் கோபோவில் திறக்காது, அப்பாவிடம் அப்படி ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கிண்டிலைக் கைமாற்றாக வாங்குவதென்றால், முந்தின ஆள் தன் கணக்கை நீக்கியிருக்கிறாரா என்பதைக் கண்முன்னே பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

உவர்மலை_வாசகி

பாமினிக் கோப்புகள்? வேர்ட்டில் அழகாகத் தெரியுது, காலிபரில போட்டா ஒரே அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும்.

காலிபர்காரன்

அரைப்புள்ளிதான் அடையாளம். பாமினியில் மெய்யின் புள்ளி அந்த விசையில் இருக்கிறது. கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறார்கள். பாமினி எழுத்துருவையே ரீடரில் போடலாமே என்று தோன்றும். போட்டால் இடையில் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகும், தேடலும் வேலை செய்யாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி, மறுபடி வேர்ட்டில் ஒட்டி, டொக்ஸ் ஆகச் சேமித்து காலிபருக்குக் கொடுங்கள். ஆங்கிலப் பந்திகளை முன்கூட்டியே வெட்டி வைத்துவிட்டு மாற்றுங்கள்.

மதுரைத் திட்டத்தின் பழையவை சில டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் இருக்கும், அதற்கும் இதே வைத்தியம். அதே நூலுக்கு யூனிகோடுப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் மினக்கெடத் தேவையில்லை.

நிலாவெளி_காற்று

கடற்கரை பற்றி ஒருவரும் பேசவில்லை. கிளாரா பிடபிள்யூவுக்கு ஐபிஎக்ஸ்8 தரம்: 2 மீற்றர் ஆழம், 60 நிமிடம், அதுவும் நன்னீருக்கு. நடுவில் இருக்கும் 'எக்ஸ்' எழுத்து, தூசிக்குச் சோதிக்கவில்லை என்று அர்த்தம். ஆகவே தண்ணீரை விட மணல்தான் எதிரி. திரை சட்டத்துக்குள் தாழ்ந்திருப்பதால் விளிம்பில் மணல் தங்கும், துணியால் தேய்த்தால் கீறும். கவிழ்த்துத் தட்டி, மென்மையான தூரிகையால் எடுங்கள். உப்புநீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜ் துளை முற்றாகக் காயுமட்டும் வயரைச் செருகாதீர்கள். ஈரத்தோடு செருகினால் ஊசிகள் பச்சை பிடிக்கும்.

வெயிலில் வாசிக்க மை-திரை போல வேறில்லை, ஆனால் கச்சான் காற்று அடிக்கும் வெக்கை மாதங்களில் பூட்டிய வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். சித்தப்பா அதைக் கைப்பையிலேயே கொண்டுவரட்டும், லிதியம் மின்கலம் உள்ள சாமானைப் பெரிய பெட்டியில் போட வேண்டாம்.

பழைய_ஏடு

இன்னொன்று. அந்த 200 கோப்பில் பாதிக்கு மேல் ஏ4 சஞ்சிகையும் பத்திரிகையும் என்றால் 6 அங்குலமே வேண்டாம். அதே காசுக்குப் பாவித்த 10 அங்குல ரப்லெட் ஒன்று வரும். கண் களைக்கும், வெயிலில் தெரியாது, ஆனால் பக்கம் முழுதாகத் தெரியும். முதலில் கோப்புகளை அளவுவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

உவர்மலை_வாசகி

பிரிச்சுப் பார்த்தன். 200இல 160 டெமிப் புத்தகம். கிளாராவையே சொல்லிவிடுறன், சஞ்சிகையை அப்பா கணினியில பார்க்கட்டும்.