ஜாவா கிராமத்தில் குடியிருந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

காரங்கன்யார்

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கமிருந்து நூற்பாலை வேலைக்கு இந்தோனேசியா போனவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். மத்திய ஜாவாவில், சோலோ நகரத்துக்குக் கிழக்கே காரங்கன்யார் மாவட்டத்தில் மில். குவார்ட்டர்ஸ் காலியாக இல்லாததால் பக்கத்துக் கிராமத்தில் வாடகைக்கு வீடு பிடித்து ஒன்றரை வருடம் தனியாக இருந்தேன். பயமாக இல்லையா, திருட்டு உண்டா, நிலம் வாங்கலாமா என்று ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். நிலம் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மற்றதை நான் எழுதுகிறேன்.

போன அன்று சாயங்காலமே கதவைத் தட்டினார்கள். லுங்கி, கறுப்புத் தொப்பி, கையில் பள்ளிக்கூட நோட்டு. அவர்தான் பாக் ஆர்டி, பாக் என்றால் ஐயா. சில பத்து வீடுகள் சேர்ந்தது ஒரு ஆர்டி. அதற்கு ஊர்க்காரர்களே ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரர்கள் ஆண்டபோது அக்கம்பக்கத்தைக் கண்காணிக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அவர்கள் போய்விட்டார்கள், ஏற்பாடு மட்டும் தங்கிவிட்டது. புதிதாக வந்து தங்குகிறவர்கள் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று தெருமுனையில் போர்டே இருக்கிறது. பாஸ்போர்ட் நகல் கேட்டார். எனக்கு எரிச்சல்தான், கொடுத்தேன்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டிய ஒரு சின்ன பிளாஸ்டிக் தம்ளர் தொங்கிக்கொண்டிருந்தது. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஆஷ்ட்ரே என்று நினைத்து நான்கு நாள் சிகரெட் துண்டுகளை அதில்தான் போட்டேன். ஐந்தாம் நாள் பார்த்தால் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் பக்கத்து வீட்டுப் பையன்தான் சிரித்துக்கொண்டே விளக்கினான். அதற்குப் பெயர் ஜிம்பித்தான். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு சிட்டிகை அரிசி. இப்போது 500 ரூபியா நாணயம், நம் காசில் மூன்று ரூபாய்கூட வராது. ராத்திரி ரோந்து வருகிறவர்கள் வீடு வீடாக எடுத்து நோட்டில் குறித்துக்கொள்வார்கள். தெருவிளக்கு, சாவு வீட்டுக்கு நாற்காலி, ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குப் பழம் எல்லாம் அந்தப் பணத்தில்தான்.

ஒரு தடவை டெங்கு வந்து இரண்டு ராத்திரி தம்ளரில் காசு போடவில்லை. மூன்றாம் ராத்திரி ஒரு மணிக்கு ஜன்னலில் டார்ச் அடித்துக் கூப்பிட்டார்கள். காசுக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜுரத்திலும் கோபம் வந்தது. அவர்கள் என்னை இரண்டு பேருக்கு நடுவில் பைக்கில் உட்காரவைத்து அரசு சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை ரோந்து முறையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மூங்கில் கொட்டகை, வடிகட்டாத காபி, அவித்த மரவள்ளி, டோமினோ. உத்திரத்தில் கெந்தோங்கான் தொங்கும்; நீளவாக்கில் பிளந்து குடைந்த மூங்கில், கட்டையால் அடித்தால் அடுத்த ஊர்வரை கேட்கும். எங்கள் ஊரில் இரண்டிரண்டாக அடித்தால் திருட்டு, மும்மூன்றாக அடித்தால் தீ. நிறுத்தாமல் அடித்தால் தித்திர், எல்லாரும் ஓடி வர வேண்டும். கூரையில் இடுகாட்டு மண்ணை வீசி வீட்டாரைத் தூங்கவைக்கும் திருடர்களைப் பற்றிப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். அதை நம்புகிறார்களோ இல்லையோ, பைக்கை மட்டும் ராத்திரி ஹாலுக்குள் சோபா பக்கத்தில்தான் நிறுத்துவார்கள்.

இனி சொல்வது பலரும் சொல்லாதது. ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு நிஜமாகவே தித்திர் கேட்டது. பைக் திருட வந்த ஒருவனைப் பிடித்துவிட்டார்கள். இருபது வயது இருந்தால் அதிகம். விசேஷம் என்றால் எனக்கும் ஒரு டப்பாவில் சோறு கொண்டுவரும் அந்த மெதுவாகப் பேசுகிற மனிதர் கையில் கட்டையோடு நின்றார். எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. பாக் ஆர்டி பையன்மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டார். அவர் முதுகில் விழுந்த அடியில் இரண்டு வாரம் அவரால் நிமிர முடியவில்லை. போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. காலையில் எல்லாரும் வழக்கம்போல, எதிரில் வருகிறவருக்கு மரியாதைக்குச் சொல்லும் ‘மொங்கோ’வைச் சொல்லிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

க்ளாத்தென்

அண்ணே, நிலம் பற்றி நான் சொல்கிறேன், நான் சோலோவுக்கும் யோக்யாகார்த்தாவுக்கும் நடுவில் இருக்கும் க்ளாத்தென் மருமகன். ஒரே வரியில் சொன்னால் வாங்க முடியாது. 1960 நிலச் சட்டப்படி ஹாக் மிலிக் எனும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும்தான். வெளிநாட்டவருக்கு ஹாக் பாக்காய் உண்டு, அதாவது காலவரையறையோடு பயன்படுத்தும் உரிமை.

மனைவி பெயரில் வாங்கலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து மாமியார் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடத்துக்கு முன்பணம் கொடுத்தேன். பத்திரம் எழுதுகிறவர் ‘திருமண ஒப்பந்தம் இருக்கிறதா’ என்றார், அதாவது அவரவர் சொத்து அவரவருக்கு என்று எழுதிக்கொள்வது. இல்லை. அது இல்லாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது. பாதி வெளிநாட்டவனுடையது என்று ஆகிவிடும், அதனால் பதிய முடியாது. அந்த ஒப்பந்தத்தைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம் கல்யாணத்துக்குப் பிறகும் போடலாம் என்று தீர்ப்பு சொன்னது. அதற்கப்புறம்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

நடுவில் ஒருவர் ‘இந்த ஊர்க்காரன் ஒருத்தன் பேரில் வாங்கிப் போடு, தனியாக ஒரு காகிதம் எழுதிக்கலாம்’ என்றார். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி அந்த வியாபாரம் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு தடுத்தது எல்லையில் நின்ற ஒரு மெலிஞ்சோ மரம், சமையலுக்கு ஆகும் காய் காய்ப்பது. 2017-இல் அரசு ஊர் ஊராக அளந்து சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது. கிராமத்துச் செலவுக்கு ஜாவாவில் 1,50,000 ரூபியாவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். அதற்கு முன் பலரிடமும் இருந்தது கிராம அலுவலகத்து லெட்டர் சி ஏடு மட்டும்தான், நம் சிட்டா மாதிரி. அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரர் எல்லையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து நிலத்துப் பாட்டியிடம் போய்க் கேட்டால் ‘இங்கிஹ், இங்கிஹ்’ என்பார், ஆமாம் ஆமாம் என்று. டீ கொடுப்பார். கையெழுத்து மட்டும் வராது. மூன்று மாதம். ‘இங்கிஹ் என்றால் சரி என்று யார் சொன்னது’ என்று மாமியார் என்னைத்தான் திட்டினார். கடைசியில் அவரே அடுக்குத் தூக்கில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போய்ப் பேசினார். எல்லைக்கல்லை மரத்துக்கு இந்தப் பக்கம் நட்டாயிற்று, மரம் பாட்டிக்கு. இன்றைக்கும் காய் பாதி எங்கள் வீட்டுக்கு வருகிறது.

பந்துல்

நான் யோக்யாகார்த்தாவில் படிக்கப் போனவள். பந்துல் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு மாதம் ஒரு பாட்டியோடு இருந்தேன். பெண் தனியாகத் தங்கலாமா என்றால் தாராளமாகத் தங்கலாம். ஆனால் யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்பது தெருவுக்கே தெரியும். கூடப் படிக்கிற பையன் நோட்டு கொடுக்க வந்து ராத்திரி ஒன்பதைத் தாண்டிவிட்டான். மறுநாள் பாட்டிக்குத்தான் தகவல் வந்தது, எனக்கில்லை.

பாட்டி கொல்லைக் கதவைப் பூட்டவே மாட்டார். எனக்கோ தூக்கம் வராது. ஒரு நாள் நானே பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்தேன். காலையில் முதல்முறையாக என்மேல் கோபப்பட்டார், பூகம்பம் வந்தால் ஓட வழி வேண்டும் என்று. 2006 மே 27, காலை ஆறு மணிகூட ஆகவில்லை, பூகம்பம். 5,700 பேருக்கு மேல் செத்தார்கள். அதிகம் போனது பந்துலிலும் க்ளாத்தெனிலும்தான். பாட்டி வாசல் பெருக்கிக்கொண்டிருந்ததால் தப்பினார். கம்பி போடாத செங்கல் சுவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டனவாம். அலமாரிமேல் ஒரு காலி பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தார், ஆடினால் விழுந்து எழுப்பும் என்று. பூனை தட்டிவிட்டு இரண்டு தடவை நாங்கள் வாசலுக்கு ஓடியிருக்கிறோம்.

ஸ்ராகென்

ஒரு எச்சரிக்கை மட்டும். ஸ்ராகென் பக்கம் எலிக்காக வயலைச் சுற்றிக் கரண்ட் கம்பி இழுக்கிறார்கள். ஆட்கள் செத்திருக்கிறார்கள், போட்ட விவசாயிகளே செத்திருக்கிறார்கள். நம் ஊரில் காட்டுப்பன்றிக்கு வைப்பது மாதிரிதான். ராத்திரி ஷிப்ட் முடிந்து குறுக்குவழி என்று வரப்பில் இறங்காதீர்கள்.

காரங்கன்யார்

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி, அந்த பாட்டில் யோசனையை ஊரில் அம்மாவிடம் சொன்னேன், நன்றாகச் சிரித்தார்.

நான் கிளம்பும்போது அந்த வீட்டை மில்லுக்குப் புதிதாக வந்த திருப்பூர் தம்பிக்கு விட்டுவந்தேன். போன வாரம் போன் செய்தான். ‘அண்ணே, வீடு நல்லா இருக்கு. வாசல்ல ஒரு ஆஷ்ட்ரே கட்டியிருக்கீங்களே, அதைக் கழட்டிடவா?’