போஸ்டரை ஒட்டுறது குளூட்டனா, மாவுச்சத்தா?

கஞ்சிப்பானை:
"சித்திரைத் திருவிழா போஸ்டர் சுவத்துல நிக்கிறது மைதாவுல இருக்கிற குளூட்டன்ங்கிற புரதத்தாலதான்"னு வீச்சுக்கை நேத்து எழுதியிருக்காரு. சுத்தத் தப்பு. ஒட்டுறது மாவுச்சத்து. 60 டிகிரி தாண்டினதும் மாவுச்சத்து மணிகள் தண்ணியக் குடிச்சு ஊதி, உடைஞ்சு பசையாகுது. குளூட்டன் கொதிக்கிற தண்ணியில ரப்பர் மாதிரி இறுகிப்போகும். இறுகினது எப்படிய்யா ஒட்டும்?

வீச்சுக்கை:
பரோட்டா மாவத் தொட்டிருந்தா இதக் கேக்க மாட்டீங்க. குளூட்டன்ல முக்கியமா ரெண்டு புரதம். குளூட்டெனின் கந்தகப் பிணைப்பால நீளச் சங்கிலியா கோத்து இழுவை குடுக்குது. கிளையடின் அதுக்கு நீட்டம் குடுக்குது. அந்த ஜோடிதான் பிடி. குளூட்டன்தான் ஒட்டுது.

கஞ்சிப்பானை:
ஒட்டுறது மாவுச்சத்து. சந்தேகம்னா செஞ்சு பாருங்க. 25 கிராம் மைதா, 15 மில்லி தண்ணி. உருட்டி அரை மணி நேரம் தண்ணிக்குள்ள போட்டு வைங்க. அப்புறம் மெல்லிசா ஒழுகுற குழாய்த் தண்ணியில, கீழ துணி கட்டின சட்டி வச்சு, கசக்குங்க. அவசரப்பட்டுப் பிச்சா குளூட்டன் துணுக்கு துணுக்கா ஓடிரும். பால் மாதிரி வெள்ளைத் தண்ணி வடியறது நின்னதும் கையில மிஞ்சுற சவ்வு குளூட்டன். சட்டியில அடியில தங்குறது மாவுச்சத்து. ரெண்டையும் தனித்தனியா தண்ணி விட்டுக் காய்ச்சுங்க. எது காகிதத்த ஒட்டுதுன்னு இங்க வந்து எழுதுங்க. பழைய காகிதம் செப்பனிடுறவங்க குளூட்டன நீக்கின கோதுமை மாவுச்சத்துலதான் பசை காய்ச்சுறாங்க.

வீச்சுக்கை:
அந்தச் சவ்வு காயுற வரைக்கும் கைய விடுதா? விடாது. அப்ப ஒட்டுறது குளூட்டன்.

கீழவாசல்வாசி:
மரவள்ளி மாவுப் பசையும்தான் ஒட்டுது, அதுல ஏது குளூட்டன்? அத விடுங்கப்பா. பசையில மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலக்குறத நிறுத்துங்க. ராத்திரி மாடு போஸ்டரக் கிழிச்சுத் திங்குது. செம்பு அதுக்கு விஷம்.

வீச்சுக்கை:
துத்தம் இல்லாட்டி ரெண்டு நாள்ல பசை புளிச்சு நாறும், பூச்சி அரிக்கும். மாட்ட அவுத்துவிட்டவங்களக் கேளுங்க.

கீழவாசல்வாசி:
அன்னன்னைக்குத் தேவையானத அன்னன்னைக்குக் காய்ச்சுனா எதுக்குத் துத்தம்? சோம்பேறித்தனத்துக்கு மாடு சாகணுமா?

கஞ்சிப்பானை:
மாடு இருக்கட்டும். போன மாசம் "உப்பு போட்டா பரோட்டா மாவு இளகும்"னு எழுதினவர்தானே இவரு? உப்பு குளூட்டன இறுக்கும். கிலோவுக்கு 15, 20 கிராம் போடுறது அதுக்கும்தான்.

வீச்சுக்கை:
நான் எழுதினது ஊற வச்சா இளகும்னு. ஊறாத உருண்டைய வீசினா சுருங்கும், கிழியும். திரிச்சுப் பேசாதீங்க.

கஞ்சிப்பானை:
ஒட்டுறது மாவுச்சத்து. கட்டி விழுந்த பசைதான் சுவத்துல உரியுது. ஒரு கிலோ மைதாவ ரெண்டு லிட்டர் பச்சைத் தண்ணியில கட்டி இல்லாமக் கரைச்சு, கொதிக்கிற ஆறு லிட்டர்ல கிண்டிக்கிட்டே ஊத்தணும். வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் சின்னத் தீ. நேரா சுடுதண்ணியில மாவக் கொட்டினா உள்ள பச்சை மாவு நிக்கும்.

வீச்சுக்கை:
குளூட்டன்ல பிளாஸ்டிக் தகடே செய்யுறாங்க, பசை வராதா?

கஞ்சிப்பானை:
தகட்டுக்குக் கிளிசரின் கலந்து சூட்டுல அழுத்தணும், இல்லாட்டி நொறுங்கும். குளூட்டன் வெறும் தண்ணியில கரையாது, பசையாக்கணும்னா காரமோ அமிலமோ வேணும். உங்க அண்டாவுல ரெண்டும் இல்ல. ஒட்டுறது மாவுச்சத்து.

வீச்சுக்கை:
குளூட்டன்.