சிறு சுத்திகரிப்பு நிலையம் ஆற்றைக் காக்குமா?

கரையோரன்:
1,500 பேர் வாழும் குடியிருப்புக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் அருகிலுள்ள ஆறு தெளிந்துவிடும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுக்கு வீடு மண்ணில் கசிந்துகொண்டிருந்த நீரை ஒரே குழாயில் திரட்டி, ஒரே இடத்தில் ஆற்றில் விடுகிறோம். ஒருவருக்கு 130 லிட்டர் என்று வைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 200 கனமீட்டர், அதாவது நொடிக்கு 2.3 லிட்டர். மழைக்காலத்தில் ஆற்றுக்கு அது பொருட்டே அல்ல. ஆனால் கோடையில் நொடிக்கு 10 லிட்டராகச் சுருங்கிவிட்ட ஓடையில், குழாய்க்குக் கீழே செல்லும் நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கழிவுநீராகத்தான் இருக்கும்.

தெளிநீர்:
மண்ணில் கசிந்த நீர் மண்ணிலேயே தங்கிவிடுவதில்லை, நண்பரே. பாறைப்பாங்கான இடத்திலும் நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்திலும் செப்டிக் டேங்க் நீர் சுற்றிச் சுற்றி ஆற்றுக்கே வந்து சேரும். உங்கள் கோடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஓடையின் பி.ஓ.டி. அளவு, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று கொண்டால், 250 மில்லிகிராம் உள்ள கழிவுநீர் அப்படியே கலக்கும்போது அது 48 ஆகும்; 20 வரை சுத்திகரித்து விட்டால் 5.4 ஆகும். 30 பாகை வெப்பத்தில் நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுதான் என்பதால், 48 என்பது மீனுக்கு மரணம்.

கரையோரன்:
அந்த 20 எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம் 1912இல் அதைப் பரிந்துரைத்தபோது, ஆறு கழிவுநீரை எட்டு மடங்கு நீர்க்கச் செய்யும் என்று வைத்தே கணக்கிட்டது. கலந்தபின் ஆற்றில் 4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதே அதன் நோக்கம். உங்கள் 5.4 அந்த எல்லையை மீறிவிட்டது. கழிவுநீரிலுள்ள அமோனியாவை நீங்கள் சேர்க்கவே இல்லை. அமோனியாவிலுள்ள நைட்ரஜன் ஒரு கிராம் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் செலவாகும். வெளியேறும் நீரில் லிட்டருக்கு அது 20 மில்லிகிராம் இருந்தால், ஆற்றிடம் சுமார் 90 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கேட்கும்.

ஊற்று:
இத்தகைய நிலையமொன்றில் சில ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். நுண்ணுயிர்கள் கழிவைத் தின்பதற்காகக் காற்றூட்டும் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் எடுத்து அரை மணி நேரம் வைப்போம். நல்ல நாளில் பழுப்பு நிறக் கசடு கீழே படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். மழை விட்ட மண்ணின் வாசம் வரும். மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக தொட்டிக்குக் காற்றைச் செலுத்தும் ப்ளோவரை இரவில் நிறுத்தச் சொன்னார்கள். சில வாரங்களில் கசடு கறுத்து நாறியது. அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள்தாம் முதலில் அடிபட்டன. உரிய காலத்தில் வெளியேற்றாத கசடு பிறகு பெய்த பெருமழையில் படிவுத் தொட்டியைத் தாண்டி நேராக ஆற்றுக்குப் போனது. ஆனால் மாதம் ஒருமுறை பகலில் மாதிரி எடுத்தவர்களின் ஏட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த ஏட்டை இன்று நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

தெளிநீர்:
அமோனியாவை விட்டது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊற்று சொல்வது நடத்தியவர்களின் குறையே. நிலையம் வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது. கோடையில் அந்த நீரை ஆற்றில் விடாமல் மரங்களுக்குப் பாய்ச்சலாம். இடமிருந்தால், கழிவுநீரைப் பல நாள் தேக்கிவைத்து வெயிலாலும் பாசியாலும் நுண்ணுயிர்களாலும் தெளியவிடும், மின்சாரமே தேவைப்படாத நிலைப்படுத்தும் குளங்களை அமைக்கலாம்.

கரையோரன்:
கோடையில் ஆற்றில் விடுவதில்லை என்பது அனுமதியிலேயே எழுதப்பட்டால் என் எதிர்ப்பில் பாதி நீங்கும். மீதிப் பாதி அளவீட்டைப் பற்றியது. ஆக்சிஜன் மிகவும் குறைவது குழாயடியில் அல்ல, சற்றுத் தொலைவு தள்ளித்தான்; அதுவும் பாசிகள் இரவெல்லாம் சுவாசித்து முடித்த விடியற்காலையில். அந்த இடத்தில், அந்த வேளையில் எடுத்த அளவைக் காட்டுங்கள். கூடவே அங்குள்ள ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். அடியில் ஆக்சிஜன் குறைந்த நீரிலும் பிழைக்கும் செம்புழுக்கள் மட்டும் நெளிந்தால் நான் சொன்னது சரி. ஆக்சிஜன் நிறைந்த நீரில் மட்டுமே வாழும், ஈசல்போல் மென்சிறகு கொண்டு பறக்கப்போகும் பூச்சிகளின் இளம்பருவம் ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் சொன்னது சரி.