கரையோரப் புகையிறக்கம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கடலோர அனல்மின் திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில், காற்றுத் தரத்தைப் பற்றிய இயலில் வரும் ‘ஷோர்லைன் ஃபியூமிகேஷன்’ என்ற தொடருக்குத் தமிழ் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்த ‘புகையூட்டல்’, ‘புகைமூட்டம்’ என்ற இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முன்னது கிடங்கில் பூச்சியைக் கொல்லப் புகை போடுவதையே நினைவூட்டும். பின்னது இராமநாதபுரம் மாவட்டத்தில் வேறிடத்துக்கு இட்டுச்செல்லும். முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் மூட்டம் என்றாலே கரிமூட்டம்தான்: வெட்டிய சீமைக்கருவேல விறகை நெருக்கி அடுக்கி, வைக்கோலால் மூடி, மேலே ஈரமண் பூசி, அங்கங்கே துளைவிட்டு, நாள்கணக்கில் உள்ளே கனியவிடுவார்கள். அந்தப் புகை பிறந்த இடத்திலேயே தரையை ஒட்டித் தவழ்வது. நாம் பெயர் தேடுவதோ, உயரத்தில் சென்றுகொண்டிருந்த புகை தொலைவில் ஓரிடத்தில் தரைக்கு வந்துசேரும் நிகழ்வுக்கு.

அந்நிகழ்வை முதலில் தெளிவாக வைத்துக்கொண்டால் சொல் தானாக அமையும் என்று கருதுகிறேன். பகலில் கடலிலிருந்து வீசும் காற்று குளிர்ந்து, அடுக்கு குலையாமல் வருகிறது. அதில் மேலும் கீழுமான கலப்பு மிகக் குறைவு. கரையைத் தாண்டியதும் வெயிலில் காய்ந்த நிலம் அதைக் கீழிருந்து சூடாக்குவதால், தரையை ஒட்டிக் கொந்தளிப்பான ஒரு கலப்படுக்கு (காற்று மேலும் கீழுமாகக் கலக்கும் அடுக்கு) உருவாகி, கரையருகே மெல்லியதாகவும் உள்ளே போகப்போகத் தடிப்பாகவும் வளர்கிறது. கரையில் நிற்கும் உயரமான புகைபோக்கி அந்த அடுக்குக்கு மேலே, அமைதியான காற்றில் புகையை விடுகிறது. புகைத்தாரை அதிகம் கலையாமல் உள்நாட்டை நோக்கிச் சென்று, வளர்ந்துவரும் கலப்படுக்கின் மேல்விளிம்பைத் தொடுகிற இடத்தில் கொந்தளிப்பில் சிக்கித் தரைவரை இழுக்கப்படுகிறது. ஆகவே செறிவு உச்சமாவது ஆலையின் மதிலருகே அன்று, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில். கடற்காற்று நிலைத்திருக்கும்வரை, நண்பகலை ஒட்டிப் பல மணி நேரம் அது நீடிக்கவும் கூடும்.

இதனால்தான் ‘புகையிறக்கம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு வரும் ஒருவர் “புகை எங்க வந்து இறங்கும்?” என்றுதான் கேட்பார். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மதிப்பீட்டின் சுருக்கம் மாநில மொழியிலும் வைக்கப்பட வேண்டும் என்பதால், அந்தக் கேள்விக்கான விடை அதே சொல்லில் அங்கே கிடைப்பது நல்லது. கரையோரப் புகையிறக்கம், காலைப் புகையிறக்கம், புகையிறக்கத் தொலைவு என்று தொடர்கள் அமைக்கவும் இது இடம்கொடுக்கிறது. இரவில் உருவான வெப்பத் தலைகீழ் அடுக்கு (கீழே குளிர்ந்தும் மேலே வெதுவெதுப்பாகவும் இருக்கும் காற்று) வெயிலேற உடையும்போது சிறிது நேரம் நிகழ்வதையே காலைப் புகையிறக்கம் என்கிறேன்.

‘தூசி படிவதையும் இறக்கம் என்றுதானே சொல்வோம்’ என்ற மறுப்பு எழலாம். படிவு வேறு. வாலிநோக்கம் உப்பளப் பாத்தியில் சாம்பல் விழுந்து உப்பு கறுத்தால் அது படிவு. புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு வாயு, பாத்தி வேலை செய்பவரின் மூச்சளவுக்கு வந்துசேர்ந்தால் அது இறக்கம். கண்ணுக்கு எதுவும் தெரியாமலேயும் அது நடக்கலாம். நம் கலைச்சொல் பட்டியலில் இவ்விரண்டையும் அடுத்தடுத்து, ஒன்றையொன்று சுட்டும் வகையில் தருவது நலம்.

வரையறையில் நேரத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதையும் வற்புறுத்துவேன். 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர வரம்புகளில் கந்தக டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரி 50; ஒரு மணி நேர வரம்பு ஓசோனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் மட்டுமே உண்டு. ஓர் ஊரில் 3 மணி நேரம் 300 ஆகவும் மீதி 21 மணி நேரம் 20 ஆகவும் இருப்பதாகக் கொண்டால், நாள் சராசரி 55தான் வரும். அட்டவணை ‘வரம்புக்குள்’ என்று சொல்லும். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்த மூன்று மணி நேரம்தான் கணக்கு. சொல்லின் வரையறையில் ‘குறுகிய நேரத்தில் செறிவு மிகுதல்’ என்ற தொடர் இடம்பெறாவிட்டால், வாசகர் இந்தச் சராசரிக்குள்ளேயே நின்றுவிடுவார்.

உயரமான புகைபோக்கி இருந்தால் இறக்கமே இராது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள மின்னுற்பத்தி அலகுகளுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் என்பது நம் நாட்டில் நீண்டகாலமாக இருந்துவந்த பொது விதி. கரையோரத்தில் அந்த உயரம் இறக்கம் நிகழும் இடத்தைப் பெரும்பாலும் இன்னும் தொலைவுக்குத் தள்ளித்தான் வைக்கிறது.

இடத்தையும் பாருங்கள். இராமநாதபுரம் மாவட்டத்தில் 1600 மெகாவாட் அனல்மின் திட்டம் முன்வைக்கப்பட்ட உப்பூர், பாக் விரிகுடாவின் கிழக்கு நோக்கிய கரையில் உள்ளது; அங்கே கடற்காற்று என்றால் கிழக்கிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாக் கரை தெற்கு நோக்கியது. கச்சான் (மேற்கிலிருந்து வீசும் காற்று) வலுக்கும் மாதங்களில் உப்பூர்ப் புகை பெரும்பாலும் கடலை நோக்கிப் போகும். வாடைக்காலத்தில் நிலத்தை நோக்கித் திரும்பும். அடிப்படைக் காற்றுத் தரவை மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தில் எடுத்தால் போதும் என்ற நடைமுறை இங்கே எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனி விவாதம். பட்டியலில் தரும் எடுத்துக்காட்டுத் தொடரில் காற்றின் திசையையும் சேர்த்தே எழுதுவோம்.

முன்மொழியும் வரையறை: “கரையோரப் புகையிறக்கம்: கடற்காற்றில் உயரே செல்லும் புகைத்தாரை, நிலத்தின் மேல் வளரும் கலப்படுக்கில் சிக்கித் தரைமட்டத்துக்கு இழுக்கப்பட்டு, கரையிலிருந்து சற்றுத் தொலைவில் குறுகிய நேரத்தில் செறிவு மிகுதல்.”

கட்டடத்தின் பின்புறச் சுழலில் புகை உடனே கீழே விழுவதற்கு இப்போதைக்குக் ‘கீழ்ச்சுழிப்பு’ என்று குறித்திருக்கிறேன். அது எனக்கே முழு நிறைவாக இல்லை. கடல் தொழிலில் இருப்பவர்கள் பாய்க்குப் பின்னால் சுழலும் காற்றுக்கு ஏதேனும் பெயர் வைத்திருந்தால், தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.