பிரேக் ஃபேடுக்குத் தமிழ்: பிடிச்சோர்வா, தடைத்தளர்வா?

குன்னூர்:
வணக்கம் நண்பர்களே. மலை இறங்கும் சுற்றுலா வண்டிகளுக்கு ஒரு துண்டறிக்கை, நாளை மாலை அச்சகம் போக வேண்டும். 'பிரேக் ஃபேடு'க்குச் சொல் தாருங்கள். மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறார்கள். பர்லியாறு பழக்கடை வரும்போது கருகல் நாற்றம், மிதித்தாலும் வண்டி நிற்காது. ஓரங்கட்டி ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். 'பிரேக் பழுது' என்று எழுதினால் மெக்கானிக்கைத் தேடுவார்கள். இங்கே வேண்டியது இரண்டாம் கியரில் இறங்குவது.

உதகை:
தடைத்தளர்வு.

கொடைக்கானல்:
தளர்வு என்றால் ஊரடங்குதான் நினைவுக்கு வரும். சாலையைத் திறந்துவிட்டார்கள் என்று இன்னும் வேகமாக இறங்குவான். பிரேக் 'பிடிக்கிறது' என்பதே வழக்கு. ஆகவே பிடிச்சோர்வு. பிடியின் சோர்வு, ஆறாம் வேற்றுமைத்தொகை, ஒற்று மிகும்.

கூடலூர்:
பிடி என்றால் பெண் யானை ஐயா! அந்தச் சாலையில் கல்லாறு பக்கம் யானையும் கடக்கும். 'பிடிச்சோர்வு கண்டால் வண்டியை நிறுத்துக' என்றால், படுத்த யானையைப் படமெடுக்க இறங்கிவிடுவார்கள்.

உதகை:
அப்படியானால் ஒற்றில்லாமல் 'பிடிசோர்வு', வினைத்தொகை.

கொடைக்கானல்:
பிடித்த சோர்வு, பிடிக்கின்ற சோர்வு, பிடிக்கும் சோர்வு. அது இந்த இழையைப் படிப்பவருக்கு வருவது.

கோத்தகிரி:
நான் பட்டறைக்காரன். இலக்கணம் இருக்கட்டும், இது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. பிரேக் பேடு, அதாவது உரசி நிறுத்தும் கட்டை, சூடேறினால் பெடல் கல் மாதிரி இருக்கும், பிடி மட்டும் இருக்காது. பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். டாட் 3 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதில் கொதிக்காமல் 205 டிகிரியாவது தாங்கவேண்டும்; ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 140தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி அதையும் போடுங்கள்.

உதகை:
மலைரயிலில் பெட்டிக்குப் பெட்டி பிரேக் போட ஆள் நிற்கிறார். அவருக்கு என்ன சொல்? தடைஞர்?

குன்னூர்:
அது தனி இழையில், அண்ணா. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். 'பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போதல்' என்றே கொடுத்துவிட்டேன். நீளம்தான். ஆயில் விஷயமும் சேர்த்தாயிற்று.

கொடைக்கானல்:
அது கலைச்சொல் அல்ல, வாக்கியம். என் மறுப்பு பதிவாகட்டும். ஒற்று மிகும்.